பங்சாருக்குப் போன முதல் நூல்

பூச்சோங்,
ஞாயிறு மத்தியானம்.

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு மைத்துனன் சண்முகரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது.

கிள்ளானில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்கிறீர்கள், அக்காவின் முழங்கால் வலி கொஞ்சமாவது இறங்கியிருக்கிறது, தாங்கள் ரத்த அழுத்த மாத்திரையைச் சோபாவுக்கு அடியில் போடாமல் விழுங்குகிறீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனதுக்குத்தான். இதை வாட்ஸ்அப்பில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். சென்ற முறை என் பக்கத்து வீட்டுக்காரரின் மாமரத்தைப் பற்றித் தங்களுக்கு மட்டும் அனுப்பிய குரல் பதிவை அக்கா குடும்பக் குழுவில் போட்டு, அது ஜொகூர் வரை போய், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் சம்பந்தி வழியாக என் வாசலுக்கே திரும்பி வந்தது நினைவிருக்கும். தபால்தலை ஒட்டிய கடிதத்தை அக்காவால் ஃபார்வர்ட் பண்ண முடியாது. அதனால்தான் தபால்.

விஷயம் தங்கள் தம்பி மகன் கிருஷாந்தைப் பற்றியது. பதற வேண்டாம், பையன் நன்றாக இருக்கிறான். அளவுக்கு மேல் நன்றாக இருக்கிறான், அதுதான் விஷயமே. நான் பிரிக்பீல்ட்ஸில் ஜெயராஜ் அவர்களின் வழக்கறிஞர் அலுவலகத்தில் நூலகராக இருப்பது தங்களுக்குத் தெரியும். நூலகர் என்றால் புத்தகத்துக்குத் தூசி தட்டுகிறவன் என்றுதான் நம் குடும்பத்தில் இன்றுவரை நினைப்பு, அதை இந்தக் கடிதத்தில் நான் திருத்தப் போவதில்லை. கிருஷாந்த் சட்டப் புத்தகமும், கணினியில் தீர்ப்பு தேடும் சேவையும் விற்கிற கம்பெனியின் சேல்ஸ் ரெப். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை இருக்கிற வக்கீல் அலுவலக நூலகங்கள் எல்லாம் அவன் ரவுண்டு. அவன் விற்பான், நான் வாங்குவேன். வெளியிலிருந்து பார்த்தால் இது வியாபாரம். ஆனால் பத்து வருஷமாக ஒரே ரெப், ஒரே நூலகர் என்று ஓடினால், அதற்குள் ஒரு குடும்பமே நடக்கும் அத்தான். எந்த மாதம் விலையைப் பற்றிப் பேசலாம், எந்த மாதம் வாயைத் திறக்கக் கூடாது, ஜெயராஜ் சார் என்ன முகத்தோடு வந்தால் எந்தப் புத்தகத்தை மேசையில் வைக்கலாம் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். தாலி ஒன்றுதான் கட்டிக்கொள்ளவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவன் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தான். தங்கள் தம்பி தமிழ் நூல் வெளியீடு ஒன்று விடாமல் போகிறவர், பையனையும் சின்ன வயசிலேயே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே மேடையில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் மாலை போட்டுக்கொண்டு முதல் நூலைப் பெற்றுக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஒரு நாள் வருமான வரிச் சட்டத்தின் புதுப் பதிப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தவன், எங்கள் ரிசப்ஷன் ரமணியின் தேநீர்த் தட்டை வாங்கி, அதில் புத்தகத்தை வைத்து இரண்டு கையாலும் நீட்டி, "மாமா, முதல் நூலை நீங்கதான் வாங்கிக்கணும்" என்றான். டத்தோவாக இருந்தால் பண உறை கொடுத்திருப்பார். நான் பால் இல்லாத கோப்பி-ஓ கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த வட்டாரத்துக்கு எந்தச் சட்டப் புத்தகம் வந்தாலும் முதல் பிரதி பிரிக்பீல்ட்ஸுக்கு, மற்ற எல்லோருக்கும் அதற்குப் பிறகு. எந்த ஒப்பந்தத்திலும் இது இல்லை. ஆனால் எங்கள் நூலகர் கூட்டத்தில் இதை அறியாதவர் இல்லை, அறியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

வாங்கிக்கொண்டு நான் சும்மா இருந்ததும் இல்லை. அன்று மாலையே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்துவிடுவேன். பிழை கண்டுபிடிக்கிற கண்ணை ஆண்டவன் எனக்குக் கொடுத்திருக்கிறான், அக்காவுக்கும் கொடுத்திருக்கிறான், அவர் அதைத் தங்களிடம் பயன்படுத்துகிறார். இந்தப் பக்கத்தில் வழக்கு எண் தப்பு, அந்தப் பக்கத்தில் ரத்தான பிரிவை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்த உடனே மற்ற நூலகர்களுக்குப் போன் போடுவேன். திருத்தச் சீட்டு வரும்வரை, புத்தகம் பெற்றுக்கொண்டதற்கான டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எச்சரிப்பேன். இது சேவை. சாட்சியச் சட்ட விளக்க நூலின் சென்ற பதிப்பில் நான் கண்டுபிடித்தவற்றுக்கு அவர்கள் தனியாகச் சின்னப் புத்தகமே அச்சிட்டார்கள். இந்த வருஷம் புதுப் பதிப்பு வருகிறது, என் திருத்தங்கள் அத்தனையும் அதில் சேர்ந்திருக்கின்றன. அப்படியானால் அதன் முதல் நூல் யாருக்குப் போக வேண்டும்? பாலர் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

அது போனது பங்சாருக்கு. மார்க்கிரட் என்கிற அம்மாளுக்கு.

இரண்டு வாரத்துக்கு முன், சாப்பாட்டு நேரத்தில், மீன் தலையில் நான் கைவைத்திருந்த நேரத்தில், நூலகர்கள் குழுவில் படம் வந்தது. பங்சாரில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிற பெரிய வக்கீல் நிறுவனம். நடுவில் அதன் நூலகர் மார்க்கிரட் அம்மாள், இரண்டு கையிலும் புதுப் பதிப்பு, பக்கத்தில் நம் கிருஷாந்த், அத்தனை பல்லும் தெரிகிற சிரிப்பு. கீழே 'முதல் நூல்' என்று எழுதி ஒரு பூங்கொத்து. தட்டு வேறு வெள்ளித் தட்டு அத்தான். எனக்குப் பத்து வருஷமாக ரமணியின் பிளாஸ்டிக் தட்டு. குழுவில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போடாவிட்டால் பொறாமை என்று சொல்வார்களே என்று நானும் போடப் போனேன். கையில் மீன் குழம்பு, கட்டைவிரலுக்குப் பதில் சிவப்பு இதயம் போய்விட்டது. பதறி அழித்தேன். அழித்தால் அழித்தான் என்று அதுவே எல்லோருக்கும் அறிவிக்கிறதே, இது என்ன விஞ்ஞானம்? ஐந்து பேர் என்ன அழித்தீர்கள் என்று கேட்டார்கள். மார்க்கிரட் அம்மாள் தனியாக எழுதி, ஏதாவது சொல்ல வந்தீர்களா மிஸ்டர் சண் என்று பண்போடு விசாரித்தார். அந்தப் பண்புதான் எனக்கு ஆகவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத மனுஷியின் மேல் பொறாமைப்படுவதைப் போல ஒரு கஷ்டம் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு பிடி கூட கிடைப்பதில்லை.

நேராகக் கிருஷாந்தைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு வாங்கினால் அது முதல் நூலா? நான் கேட்கவில்லை. மறுநாள் பங்சாருக்கே போனேன். நூலகர்களுக்குள் ஒருவரிடம் இல்லாத தொகுதியை இன்னொருவரிடம் இரவல் வாங்குகிற வழக்கம் உண்டு, அதைச் சாக்காக வைத்து எழுபத்து நான்காம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதி அவசரமாக வேண்டும் என்று போன் பண்ணிவிட்டு எல்ஆர்டி ரயில் ஏறினேன். அந்தத் தொகுதி எங்கள் அலமாரியிலேயே, என் நாற்காலிக்கு நேர் எதிரே இருக்கிறது. ஒரு ஸ்டேஷன்தான், ஆனால் இறங்கி நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அங்கே போனால் வாசலுக்கு எதிரிலேயே சிறு தாங்கி வைத்து அதில் அந்தப் புத்தகம், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கும்படி. உள்ளே அலமாரிகளுக்கு நடுவில் முக்காலி போட்டுக்கொண்டு நம் பையன் உட்கார்ந்திருக்கிறான், மடியில் லேப்டாப், கையில் பட்டர் கேக். எங்கள் ஆபீசில் நின்றுகொண்டே பேசிவிட்டு பார்க்கிங் முடியுது மாமா என்று ஓடுகிறவன், அங்கே சொந்த வீட்டில் மாதிரி சப்பணம் போடாத குறை. என்னைப் பார்த்ததும் வாய் நிறையக் கேக்கோடு மாமா என்றான், மார்க்கிரட் அம்மாளை ஆன்டி என்றான். சொந்த மாமா குத்துக்கல்லாக இருக்கும்போது அங்கே அவனுக்கு ஆன்டி எதற்கு என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. மார்க்கிரட் அம்மாள் தேடாமலே தொகுதியை எடுத்துக் கொடுத்து எனக்கும் ஒரு துண்டு வைத்தார். கேக் நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கசந்தது.

காரில் விடட்டுமா என்று பையன் கேட்டான், ரோஷத்தில் மறுத்தேன். ஸ்டேஷனுக்குப் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இரவல் புத்தகத்தை நனையவிடுகிற நூலகன் நூலகனே இல்லை என்பதால் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளைத்தாச்சி மாதிரி வயிற்றைப் பிடித்தபடி ரயிலில் நின்றேன். ஒரு மலாய்ப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ஆபீசுக்கு வந்து துடைத்து மேசையில் வைத்தால், ஜெயராஜ் சார் வந்து நின்று, அலமாரியில் இருக்கிற தொகுதியையும் மேசையில் இருக்கிற தொகுதியையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் இரண்டு என்றார். சரிபார்க்க என்றேன். எதை எதோடு என்றார். அவர் தொழிலே குறுக்கு விசாரணை. நான் மூன்றாவது கேள்வியில் இருமல் வந்தது போல வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போட்டிக் கம்பெனியில் லோஜினி என்று ஒரு பெண் ரெப். பாவம், மாதா மாதம் மின்னஞ்சல் அனுப்பும், நான் ஒரு நாளும் பதில் போட்டதில்லை. கிருஷாந்துக்கு உறுத்துமே என்றுதான். இப்போது போட்டேன். வாருங்கள், உங்கள் தேடல் சேவையைக் காட்டுங்கள், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்று. கிருஷாந்த் மாதாந்திர இதழ்களைக் கொண்டுவருகிற நேரம் அது. ரமணியை அனுப்பி உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கரிபாப் சுடச்சுட வாங்கி வைத்தேன், கிருஷாந்த் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்காரவைத்தேன். அவன் வருவான், பார்ப்பான், முகம் சுருங்கும், அப்போது தெரியும் பங்சார் படத்தை நான் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று.

வந்தான். பார்த்தான். லோஜினியும் அவனும் ஒரே காலேஜாம். நலம் விசாரித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் புரொஜெக்டர் கேபிள் வேலை செய்யவில்லை. நம் பையன் கீழே ஓடிப்போய்த் தன் காரிலிருந்து வேறு கேபிள் கொண்டுவந்து எதிரியின் படத்தை எங்கள் சுவரில் தானே ஓடவிட்டு, இரண்டு கரிபாப் எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். இப்படி ஒரு பிள்ளையை எப்படி வளர்த்தார் தங்கள் தம்பி? அந்த நேரம் பார்த்துக் கரிபாப் வாசனைக்கு ஜெயராஜ் சார் வந்தார். வந்தவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் கேள்வி கேட்டார், லோஜினி பதில் சொல்லச் சொல்ல அவர் தலை ஆட ஆரம்பித்தது.

"நல்லா இருக்கு லா, சண். ரெண்டு கம்பெனி எதுக்கு? பழசை நிறுத்திட்டு இதுக்கே மாறிடலாம். மண்டே லெட்டர் டிராஃப்ட் பண்ணிடுங்க" என்றார்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். கிருஷாந்தின் கையில் பாதிக் கரிபாப் அப்படியே நின்றது. நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான் அத்தான். பார்த்தபோது ஆசை போய்விட்டது. அவன் கேபிளைச் சுருட்டிக்கொண்டு, போறேன் மாமா என்று கிளம்பினான். மற்ற நாளில் வரேன் மாமா என்றுதான் சொல்வான்.

ஆகவே நாளை நான் அந்தக் கடிதத்தை எழுதத்தான் போகிறேன். இது கோபம் இல்லை, கொள்கை. பத்து வருஷ உறவை ஒரு துண்டு பட்டர் கேக்குக்கு விற்றவனுக்கு ஒரு பாடம் வேண்டும். தாங்கள் பெரியவர், அவன் தங்கள் சொல்லைத் தட்ட மாட்டான். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவனைக் கூப்பிட்டு, மாமாவின் மனது நொந்துவிட்டது, இனி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடவும். வர வேண்டும் என்று அவனாகப் பிடிவாதம் பிடித்தால் வரட்டும், தடுக்க வேண்டாம். வந்தால், பங்சாரில் இருப்பது பிரிக்பீல்ட்ஸில் என்ன இல்லை என்று அவன் ஒரு பதில் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்காவிடம் இதை வாசித்துக் காட்ட வேண்டாம். சிவப்பு இதயப் பகுதியை மட்டுமாவது கையால் மறைத்துக்கொள்ளவும். வீட்டில் எல்லாருக்கும் நோய் நொடி அண்டாமல், கேட்டது கிடைக்க, கேட்காததும் கொஞ்சம் கிடைக்க முருகன் துணையிருப்பான்.

என்றும் தங்கள் அன்பு மைத்துனன்,
சண்முகரத்தினம்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது வாசலில் கார் சத்தம். கிருஷாந்த். பூச்சோங் வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை டிராஃபிக் ஜாமில், கையில் சாட்சியச் சட்டம் புதுப் பதிப்பு. தட்டு இல்லை, வெறும் கை. வெள்ளிக்கிழமையிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று ரமணி அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். இந்த ஊரில் வாட்ஸ்அப் இல்லாமலே எல்லாம் பரவுகிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஏன்டா பங்சாருக்கு என்று கடைசியில் என் வாயே கேட்டுவிட்டது.

அவன் புத்தகத்தை மேசையில் வைத்தான். "போன எடிஷன் ஞாபகம் இருக்கா மாமா? உங்களுக்கு முதல்ல குடுத்தேன். அன்னிக்கு சாயந்திரமே எல்லாருக்கும் போன் போட்டுட்டீங்க. ஒருத்தரும் டெலிவரி ஆர்டர்ல சைன் பண்ணல. மூணு மாசம் கார் பூட்ல புஸ்தகத்தோட சுத்துனேன். இந்தத் தடவையும் அப்படி ஆனா வேலைய விட்டுட்டுப் போன்னு பாஸ் சொல்லிட்டாரு. அதான் உங்களுக்குக் கடைசியா குடுக்கலாம்னு இருந்தேன். கிள்ளான், ஷா ஆலம் இன்னும் பாக்கி இருக்கு, ஃபிரைடே ஆயிடும். ஆனா மனசு கேக்கல."

பிழை பிழைதானே, அதைச் சொல்வது என் கடமைதானே என்று நான் வாதாடினேன். அவன் ஆமா மாமா என்றான். அவன் ஆமா என்றதும் எனக்கு மேலே வாதாட முடியவில்லை. கோப்பி-ஓ போட்டுக் கொடுத்தேன், உட்கார்ந்து குடித்தான், பார்க்கிங் என்று ஓடவில்லை. அடுத்த கிழமை வரேன் மாமா என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆகவே மேலே எழுதியது எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். அவனைக் கூப்பிடவும் வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். இத்தனை பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அனுப்புகிறேன், படித்துவிட்டுச் சும்மா இருக்கவும். ஜெயராஜ் சாரிடம் நாளை என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். லோஜினியின் சேவையில் பழைய தீர்ப்புகள் பல பாதியிலேயே நின்றுவிடுகின்றன. வெள்ளிக்கிழமையே சுவரில் பார்த்தேன், ஆத்திரத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். நாளை பேசுவேன். அந்தப் பெண்ணுக்கும் ஒரு நல்ல வார்த்தை எழுத வேண்டும்.

அவன் போனதும் புத்தகத்தைப் பிரித்தேன். பிரிக்காமல் இருக்க என்னால் முடியுமா? இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பிரிவு எண்ணே தப்பு. வெள்ளைச் சட்டையில் மீன் குழம்பு போல அவ்வளவு தெளிவான தப்பு. கை தானாகப் போனுக்குப் போனது. எடுத்து, பார்த்து, கவிழ்த்து வைத்தேன். வெள்ளிக்கிழமை வரை பையன் கிள்ளானில் கையெழுத்து வாங்க வேண்டும். பத்து வருஷத்தில் நான் வாயை மூடிக்கொண்ட முதல் பிழை இதுதான் என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்போது போன் அடித்தது. மார்க்கிரட் அம்மாள்.

"மிஸ்டர் சண், பையன் புக் குடுத்துட்டான்னு சொன்னான். பேஜ் டூ ட்வெல்வ் பாத்தீங்களா?"

ஒரு பிழையைப் பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று நான் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. இல்லையே மார்க்கிரட், நான் இன்னும் பிரிக்கவே இல்லையே என்றேன்.

"பாத்தாலும் இப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க, ப்ளீஸ். பாவம், ஃபிரைடே வரைக்கும் டெலிவரி இருக்கு அவனுக்கு. அவன் குடுத்த அன்னிக்கே நான் பாத்துட்டேன். ரெண்டு வாரமா வாயே தொறக்கல."

இரண்டு வாரம், அத்தான். நான் வாயை மூடி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நூலை வாங்கியதிலும் அந்த அம்மாள்தான் முதல், பிழையைக் கண்டதிலும் முதல், பையனுக்காக வாயை மூடியதிலும் முதல். சரி என்று போனை வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை டெலிவரி முடிந்ததும் அந்தப் பிழையைக் குழுவில் முதலில் யார் போடுவது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.